பொடி எண்கள்

யாரும் எதுவும் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வதுதான் சந்தனமாரியின் வேலை. அதை ஒரு வேலையென்று அவள் அம்மாவே கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணும் சொல்லாட்டி ஒண்ணும் செய்யாம இருக்கணும். அதுக்கு ஒருத்தி ஆபீசுக்குப் போகணுமாக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்தாள்.

தூத்துக்குடியில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கியைப் பழுதுபார்த்து அதற்குள் செயற்கைக் கை வாரியம் உட்கார்ந்திருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது கை ஆபீஸ். ஆலையிலும் சாலையிலும் கை போனவர்களுக்கு வாரியம் கை கொடுத்தது. பிளாஸ்டிக்கும் மோட்டாரும் வேறெங்கோ செய்து வந்தன. கையை நடத்தும் நிரல் மட்டும் இங்கே. மாநிலம் முழுக்கப் பதினெட்டாயிரம் கைகள். ஒருவருக்கு மணிக்கட்டோடு போயிருக்கும், ஒருவருக்கு முழங்கையோடு. ஆகவே ஒவ்வொரு கைக்கும் நிரலைத் தனித்தனியாகக் கட்ட வேண்டும். மனிதர் எழுதியதைக் கைக்குள் இருக்கும் சில்லுக்குப் புரிகிற மாதிரி கம்பைலர் மாற்றித் தரும். புதன்கிழமைதோறும் ஓர் இயந்திரம் யார் உதவியும் இல்லாமல் பதினெட்டாயிரம் தடவை இதைச் செய்து, ஆளில்லாமலேயே அனுப்பியும் வைக்கும். அந்த இயந்திரத்துக்கு ஆபீசில் அடுப்பு என்று பெயர்.

கம்பைலரிடம் சில கட்டளைகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேகம் முக்கியம், அளவு முக்கியம், சந்தேகம் வந்தால் நிறுத்திவிடு, இப்படி. ஃபிளாக் என்பார்கள். பதினெட்டாயிரம் கைக்கும் யாரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லப்போவதில்லை. தனியாக ஒன்றும் சொல்லப்படாத கைகளுக்கு எந்தெந்த ஃபிளாக் என்று பொதுவாக ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குத்தான் சந்தனமாரி பொறுப்பு. ஏழு வருடமாகப் பார்க்கிறாள். ஏழு வருடத்தில் அவள் எதையும் பெரிதாக மாற்றியதில்லை. அதுதான் அந்த வேலையை நன்றாகச் செய்வது.

அக்கா இசக்கியம்மாள் அதைக் கெடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சீலா மீன் குழம்பு முடிந்து எல்லோரும் வெற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த நேரம். அத்தான் ஐகோர்ட் துரையின் இடது கை மேசைமேல் கிடந்தது. கிடந்தது என்பதுதான் சரியான சொல். பக்கத்தில் கிடந்த கரண்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. உப்பு அரவை மில்லில் மணிக்கட்டுக்கு மேலே போயிருந்தது. வாரியம் முதன்முதலில் சோதனைக்காக ஐம்பது பேருக்குக் கை மாட்டியபோது அவரும் ஒருவர். பதினேழாம் நம்பர் கை. அதை மாட்டிக்கொண்டுதான் இப்போது துறைமுகத்து எடைமேடையில் லாரிகளை நிறுத்தி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

"எட்டி, உன்ட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் இசக்கி. "அவியளுக்குக் கை இருக்கு. ஆனா கை இல்ல."

"உங்க அக்கா சோலிய ஆரம்பிச்சிட்டா" என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இரிங்க. டம்ளரை எடுக்காவ, சட்டைக்குப் பொத்தான் போடுதாவ, எல்லாம் சரிதான். ஆனா ஒரு சினிமா பாக்கோம், என் கையப் பிடிச்சிக்கிட்டு இருக்காவ, சரியா? டிவி ரிமோட்டைப் பிடிச்சிக்கிட்டு இருக்கது மாதிரி இருக்குட்டி. ஒரு அசைவு கிடையாது. மனுசன் கை இப்படியா இருக்கும்? எப்பவாவது ஒரு விரலு லேசா ஆடாது?"

"அது எங்க வேலைதான்க்கா" என்றாள் சந்தனமாரி.

"என்னது?"

"அந்த வெட்டுவாயில நரம்பு இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்கு. டம்ளரை எடுன்னு அத்தான் நினைச்சா பெரிய சத்தமா வரும். சும்மா இருக்கப்ப முணுமுணுப்பா வரும். கணக்குல சொன்னா, புள்ளி போட்டு, அதுக்குப் பிறகு முப்பது நாப்பது சைபர் போட்டு, கடைசில ஒரு ஒண்ணோ ரெண்டோ. பொடி எண்ணும்போம் நாங்க. அவ்வளவு பொடியா வந்தா அதைப் பூஜ்யம்னே வச்சிக்கிடுன்னு ஒரு ஃபிளாக் போட்டு வச்சிருக்கோம்."

"யாரு போட்டா?"

"எனக்கு முன்னால இருந்தவரு போட்டாரு. நான் எடுக்கல."

"ஏன் எடுக்கல?"

"பேட்டரிக்கா. பொடி எண்ணைக் கூட்டிப் பெருக்கச் சில்லு உசிரை விடும். பூஜ்யம்னா ஒரே வெட்டு, வேலை முடிஞ்சிது. காலையில மாட்டுன கை படுக்கப் போகுத வரைக்கும் ஓடும். பொடியையும் கணக்குல சேத்தா சாயங்காலமே படுத்திரும்."

இசக்கி தட்டை நகர்த்தி வைத்தாள். "இவிய அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்திருதாவ. வந்து சார்ஜ் போட்டுக்கிடட்டும். இவியளுக்கு மட்டும் எடுத்து விடேன்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் தாயி" என்றார் துரை. "இருக்கது இருக்கட்டும்."

"கேட்டியாட்டி? எதைக் கேட்டாலும் இருக்கது இருக்கட்டும்."

"ஒரு கைக்கு மட்டும் செய்யலாம்" என்றாள் சந்தனமாரி. "நாலு இடத்துல சொல்லலாம் அத்தான். வாரியம் ஒண்ணு சொல்லும். அதை மீறி எங்க மேலாளர் சொல்லலாம். அதையும் மீறி அடுப்புலயே கையால அடிச்சி விடலாம். கடைசியா அந்தக் கையோட நிரலுக்குள்ளயே எதாவது எழுதியிருந்தா அதுதான் எடுபடும். அதுக்கு மேல அப்பீல் கிடையாது."

"இந்த வீட்டு நடைமுறைதான்" என்றார் துரை. "எங்கம்மா ஒண்ணு சொல்லுவா, நான் ஒண்ணு சொல்லுவேன், பிள்ளைய ஒண்ணு சொல்லும். கடைசியா உங்க அக்கா வாயத் தொறப்பா."

"ஐகோர்ட்டுன்னு பேரை வச்சிக்கிட்டு அப்பீல் இல்லங்கிறீங்களே அத்தான்."

அவர் சிரித்தார். இடது கை சிரிக்கவில்லை. கிடந்த இடத்திலேயே கிடந்தது. இசக்கி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கைக்கு விலக்குக் கொடுக்க மேலாளர் டெல்பினின் ஒப்புதல் வேண்டும். டெல்பின் பனிமய மாதா திருவிழாவுக்கு விடுப்பில் போயிருந்தார். கடலோரத்துக்காரர். திருவிழா பத்து நாளும் அவரிடம் மாதாவைத் தவிர வேறு யாரும் எதையும் வாங்க முடியாது. காத்திருந்திருக்கலாம். இசக்கி தினம் மூன்று முறை போன் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை சந்தனமாரி அடுப்பில் ஒரு வரியைக் கையால் அடித்தாள். பொடியைப் பூஜ்யமாக்காதே. பதினேழாம் நம்பர் கையை மட்டும் சமைக்கச் சொன்னாள். சமைந்தது. அத்தானுக்கு அனுப்பினாள். அடுத்து அந்த வரியை அழிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து, புகார்களைக் கேட்கும் முத்துவாப்பா காயல்பட்டினத்திலிருந்து கொண்டுவந்த பலகாரப் பொட்டலத்தைப் பிரித்தார். "மாரி, சூடு ஆறுதுக்குள்ள வா." அவள் போனாள். தேங்காயும் வெங்காயமும் வைத்துப் பொரித்தது. நாலு தின்றாள். கை கழுவிவிட்டு நேரே வீட்டுக்குப் போனாள். வாரியத்தின் மிகப் பெரிய தப்புக்குக் காரணம் கேட்டால் இதுதான். இதைவிடக் கௌரவமான காரணம் கிடையாது.

புதன்கிழமை அடுப்பு தானாக மூண்டது. தன் தலையில் எழுதியிருந்த வரியைத் தனக்கான உத்தரவாகவே எடுத்துக்கொண்டது. பதினெட்டாயிரம் கைகளுக்கும் முணுமுணுப்பு திரும்பிப் போயிற்று.

வியாழக்கிழமை காலையில் இசக்கிதான் முதலில் போன் செய்தாள். "எட்டி, உசிரு வந்திட்டுட்டி! நேத்து ராத்திரி படம் பாத்துக்கிட்டே கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், சுண்டுவிரல் என் உள்ளங்கையில லேசா ஒரு அழுத்து. பிறகு விடுது. பிறகு ஒரு அழுத்து. நீ நல்லா இருப்ப."

பின்னால் அத்தான் குரல் கேட்டது. "நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு."

சந்தனமாரிக்கு நாள் நன்றாகத் தொடங்கியது. பத்து மணி வரை அப்படியே இருந்தது.

"இன்னைக்கு விசித்திரமா வருது மாரி" என்றார் முத்துவாப்பா, காதிலிருந்து போனை எடுக்காமலே. "ஈரோட்டுல ஒருத்தர். கை தானா காதைச் சொறியுதாம். 'யார் சொல்லிச் சொறியுது'ன்னு கேக்காரு. ஒரு டீச்சர், சும்மா நிக்கும்போது விரலு சாக்பீஸை உருட்டுதாம். ஒரு அம்மா, பையன் பரீட்சைக்குப் படிக்கும்போது செயற்கை நகத்தைக் கடிக்கானாம்."

மூன்றாவது ஆள் வருவதற்குள் சந்தனமாரிக்குப் புரிந்துவிட்டது. அடுப்பைத் திறந்து பார்த்தாள். அவள் அடித்த வரி அடித்தபடியே இருந்தது.

அப்போதே அதை அழித்து, திரும்பச் சமைத்து அனுப்பியிருக்கலாம். அரை நாள் வேலை. அவள் அனுப்பவில்லை. அவசரமாகச் செய்தால் இன்னொரு தப்பு வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய். வந்த போன்களில் பாதிப் பேர் குறை சொல்லவில்லை, ஆச்சரியப்பட்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்த புதன்கிழமை வரை ஓடட்டும் என்று விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். தோளில் பச்சைத் துண்டு, அதற்கு ஏற்ற மீசை. பெயர் வெள்ளைக்கண்ணு. மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர். வலது கை வாரியத்துக் கை. அதை மேசைமேல் தூக்கி வைத்தார்.

"இதுக்குள்ள எவன் பூந்தது?"

"உக்காருங்க, சொல்லுங்க" என்றார் முத்துவாப்பா.

"சந்தையில வெலைய வாயால சொல்ல மாட்டோம் பாய். துண்டைப் போட்டு மூடி, அதுக்குள்ள அவன் கையும் எங்கையும். வெரலப் புடிச்சுத்தான் பேரம். சுத்தி நிக்கிறவனுக்கு ஒரு எழவும் தெரியாது. இத்தன வருசமா எங்கையில ஒரு துடிப்பு கெடையாது. நான் மசியிறனா மொறைக்கிறனான்னு எதிராளிக்குத் தெரியவே தெரியாது. நேத்து சந்தைக்கு வெளிய தனியா ஒரு சோடிக் காளைக்குப் பேசுறேன். வெரல்ல வெலையச் சொல்றேன், அதுக்குள்ள இந்த மோதிர வெரலு நடுங்குது. அவன் சிரிச்சிட்டான். 'வெள்ளக்கண்ணு, இன்னும் எறங்குவ போலயே'ங்கிறான். எறக்கிப்புட்டான்."

"சரி. பழையபடி மாத்தணும், அவ்வளவுதான?" என்றாள் சந்தனமாரி.

"யாரு சொன்னா? அவசரப்படாத தாயி." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தன நாளு முக்காவாசிப் பேரு எங்கிட்ட துண்டுக்குள்ள கைய விட மாட்டான். செவுத்தோட பேரம் பேசுற மாதிரி இருக்குன்னு சொல்லுவான். அவனுக கூட எல்லாம் வாயாலதான். வாயால பேசுறவன் தரகனா? அவன் வக்கீலு. நேத்து நட்டப்பட்டேன், வாஸ்தவம். ஆனா சேதி பரவி, சாயந்தரத்துக்குள்ள மூணு பேரு தேடி வந்து கைய விட்டான்யா. மூணு பேரு!"

"அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

"துடிப்பு இருக்கட்டும். பேட்டரிய மட்டும் பெருசாக்கிக் குடுங்க. மூணு மணிக்கெல்லாம் தொங்கிப்போவுது."

அவருக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்கள். அவர் போன பிறகும் முத்துவாப்பா சிரித்துக்கொண்டேயிருந்தார். சனிக்கிழமை காலை அவருக்கு வந்த முதல் போன் கோவில்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து. கேட்டுவிட்டு வைத்தார். சந்தனமாரியைப் பார்த்தார். சிரிப்பு இல்லை.

தங்கபுஷ்பம் என்று ஒரு அம்மா. ஒரு பெண்கள் விடுதியில் சமையல். வேலை முடிந்து பஸ்சில் படியோரம் நின்றபடி வந்திருக்கிறாள். வாரியம் கொடுத்த இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தாள், வலது கையில் தூக்குச்சட்டி. வளைவில் பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்சாரம் நின்றால் விரல்கள் தாமாக விரிந்துவிடும், எதிலாவது மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அப்படி வைத்திருந்தார்கள். விரிந்துவிட்டன. படியிலிருந்து கீழே விழுந்து காறையெலும்பு முறிந்திருந்தது.

சந்தனமாரி டெல்பினுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் பேண்டு வாத்தியமும் வேட்டுச் சத்தமும்.

"சப்பரம் வருது, சத்தமாச் சொல்லு!"

சத்தமாகச் சொன்னாள். பலகாரத்திலிருந்து பஸ் வரை எல்லாவற்றையும், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி. டெல்பின் பேண்டுக்காரர்களை விட்டு ஓரமாக ஒதுங்கினார். 

"முதல்ல பழையபடி போட்டு அனுப்பு. எல்லாக் கைக்கும். பிறகு அந்தம்மாவைப் போய்ப் பாரு. அழுகறதா இருந்தா அதெல்லாம் முடிச்சிட்டு அழு."

பொழுது சாய்வதற்குள் பதினெட்டாயிரம் கைகளும் பழையபடி பூஜ்யத்துக்குத் திரும்பின.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் தங்கபுஷ்பம் தோளில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கை மேசைமேல் தனியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. சந்தனமாரி வாங்கிப் போன ஆப்பிளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீதான் மாத்துனியா?"

"ஆமாம்மா."

"யார்ட்டக் கேட்டு மாத்துன?"

"யார்ட்டயும் கேக்கல."

பழைய ஃபிளாக்கையும் யாரிடமும் கேட்டுப் போடவில்லை என்று சந்தனமாரிக்கு வாய்வரை வந்தது. எலும்பு முறிந்து கிடப்பவளிடம் சொல்கிற நியாயமா அது? வாயை மூடிக்கொண்டாள்.

"மூணு நாளு நல்லாத்தான் இருந்துச்சு. அதையும் சொல்லிரணும்" என்றாள் தங்கபுஷ்பம். "கீரை ஆயும்போது கை தன் போக்குல காம்பை உருட்டிக்கிட்டு இருந்துச்சு. பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. 'ஆச்சி கைக்கு உசிர் வந்துட்டு'ன்னு வந்து வந்து தொட்டுப் பாத்துச்சுக. எனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு. நல்ல மாதிரிதான்." தோள்கட்டைச் சரிசெய்துகொண்டாள். "அன்னைக்குத்தான் வேலை முடிய நேரமாயிட்டு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா சட்டியைக் கீழ வச்சிட்டு வலது கையால பிடிச்சிருப்பேன்ல? அவ்வளவுதானத்தா வேலை? ஒரு வார்த்த."

"ஆமாம்மா."

"கை சாகப்போகுதுன்னா முன்கூட்டியே ஒரு நடுக்கம் குடுத்துச் சொல்லுத மாதிரியாவது வைக்கக்கூடாதா? போனுகூடச் சொல்லுது."

 வைக்கலாம். மிகச் சுலபம். இதுவரை யாரும் கேட்காததால் யாரும் வைக்கவில்லை.

திங்கட்கிழமை டெல்பின் திருவிழாவைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். முத்துவாப்பாவின் மேசையில் நான்கு போன்களும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன.

"எல்லாம் விழுந்த ஆட்களா?" என்றார் டெல்பின், வெளிறிப்போய்.

"இல்ல மேடம். கையைக் கொன்னது யாருன்னு கேக்காங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். நல்லா இருந்தப்ப ஒருத்தனும் 'நல்லா இருக்கு'ன்னு போன் பண்ணல. எடுத்ததும் பண்ணுதான். நேத்திலிருந்து ஆயிரத்துக்கு மேல போயிட்டு. மணப்பாறைக்காரரு மட்டும் அஞ்சு தடவை."

டெல்பின் கதவைச் சாத்திவிட்டு சந்தனமாரியைத் தன் அறையில் உட்கார வைத்தார்.

"உனக்கு மெமோ உண்டு. அது தனி. இனிமே அடுப்புல கையால எதை அடிக்கறதா இருந்தாலும் ரெண்டு பேர் சாவி போடணும். அதுவும் தனி. இப்ப சொல்லு. எது சரி? பொடியா, பூஜ்யமா?"

"ரெண்டும் சரிதான் மேடம். வியாழக்கிழமையே தெரிஞ்சும் நான் நிறுத்தல. அதுதான் சரியில்ல."

"அதைத்தான் மெமோல எழுதியாச்சே. மேல பேசு."

"எல்லார்ட்டயும் கேப்போம். எது வேணும்னு. பேட்டரி எவ்வளவு நேரம் வரும்னு தெளிவாச் சொல்லிக் கேப்போம். அவங்க சொல்லுதது அவங்க கைக்குள்ளயே இருக்கட்டும். சாகப்போற நேரத்துல ஒரு நடுக்கம், அது ரெண்டு பேருக்கும்."

கேட்டார்கள். வாரியத்தின் வரலாற்றில் முதல்முறையாகக் கையை மாட்டியிருப்பவரிடமே கேட்டார்கள். தங்கபுஷ்பம் பொடி வேண்டும் என்றாள். டீச்சர் வேண்டாம் என்றார், சாக்பீஸ் செலவு கட்டுப்படியாகவில்லையாம். பரீட்சைப் பையனின் அம்மா வேண்டாம் என்றாள், பையன் வேண்டும் என்றான். கை அவனுடையது, அவன் சொன்னதே எடுபட்டது. வெள்ளைக்கண்ணு சந்தை நாளுக்குப் பொடி, மற்ற நாளுக்குப் பூஜ்யம் என்றார். வீட்டில் பெண்டாட்டியும் கையைப் படிக்க ஆரம்பித்துவிட்டாளாம்.

சில ஆயிரம் பேர் பதிலே சொல்லவில்லை. கேட்டது புரியாதவர்கள், போன் இல்லாதவர்கள், எதற்குமே பதில் சொல்லிப் பழகாதவர்கள்.

"இவங்களுக்கு?" என்றார் டெல்பின். "இதுக்குத்தான உன்னை வச்சிருக்கு."

"பூஜ்யம்."

"நீ பொடி பக்கம்னு நினைச்சேன்."

"பொடி வேணும்னு சொன்னவங்க பஸ்ல போகும்போது மறு கையால பிடிச்சிக்கிடுவாங்க மேடம். ஒண்ணும் சொல்லாதவங்களுக்கு எது நடந்தாலும் அது நம்ம செஞ்சதுதான். அவங்க விழக்கூடாது."

டெல்பின் தலையாட்டினார். இரண்டு சாவியும் போட்டார்கள். ஏழு வருடத்துக்கும் மேலாக இருந்த அதே ஃபிளாக், அதே இடத்தில். ஆனால் இந்த முறை அதை சந்தனமாரி போட்டிருந்தாள். முன்னவர் போட்டதை எடுக்காமல் விட்டதாக இனி யாரிடமும் சொல்ல முடியாது. அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பதில் சொல்லாதவர்களில் அத்தானும் ஒருவர். அவர் எந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்? இசக்கிக்காக, டெல்பினிடம் முறையாக ஒப்புதல் வாங்கி, பதினேழாம் நம்பர் கைக்குப் பொடி என்று சந்தனமாரி போடப் போனாள். கையால் அடித்ததைக் கேள்வி கேட்காத அடுப்பு, முறையாகப் போட்டதை வாங்க மறுத்தது. இந்தக் கைக்கு உள்ளேயே சொந்த உத்தரவு இருக்கிறது, வெளியிலிருந்து எது சொன்னாலும் செல்லாது என்றது.

திறந்து பார்த்தாள். சோதனைக் கைகள் ஐம்பதுக்கும் அந்தக் காலத்தில் ஃபிளாக்குகளை நேராக நிரலுக்குள்ளேயே எழுதியிருந்தார்கள். மற்ற நாற்பத்தொன்பதும் பழுதாகி மாற்றப்பட்டுவிட்டன. பதினேழு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பொடி என்றால் பூஜ்யம் என்று அதற்குள் அழுத்தமாக எழுதியிருந்தது. அப்பீல் இல்லாத வரி. அவள் செவ்வாய்க்கிழமை அனுப்பியதையும் புதன்கிழமை அடுப்பு அனுப்பியதையும் அது சட்டை செய்யவே இல்லை. மாநிலத்திலேயே எந்த மாற்றமும் நடக்காத ஒரே கை, யாருக்காக இத்தனையும் நடந்ததோ அவருடைய கை.

அப்படியானால் இசக்கியின் உள்ளங்கையில் அழுத்தியது எது?

அன்று ஆபீஸ் முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே இசக்கி சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், உங்க கை மாறவே இல்ல" என்றாள் மெதுவாக.

துரை பேப்பரை மடித்தார். "தெரியும்."

"தெரியுமா? எப்ப?"

"அன்னைக்கே. இருபத்துநாலு மணி நேரமும் என்ட்டதான இருக்கு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப அக்கா கையில...?"

"நான்தான் அமுக்கினேன்." எதையோ திருடிப் பிடிபட்டவர் மாதிரி சிரித்தார். "உங்க அக்கா பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. மொகத்தப் பாத்தேன். வருதா வருதான்னு காத்துக்கிட்டு இருக்கா. ஒண்ணும் வரல. சரி, கொஞ்சம் அமுக்குவோம்னு அமுக்கினேன். லேசா அமுக்குதது சாமானியமில்ல பாத்துக்க. டம்ளரைப் பிடிக்கத மாதிரி நினைச்சா நசுக்கிரும். பாதி நினைச்சு விடணும். முதல் நாளு நெத்தி வேர்த்திட்டு. படம் என்ன படம்னு ஒண்ணும் தெரியல, முழுக்க இதே சோலி."

"இத்தன நாளுமா?"

"இப்ப பழகிட்டு."

சந்தனமாரி அந்தக் கையைப் பார்த்தாள். "இனிமே அந்தக் கஷ்டம் வேண்டாம் அத்தான். அந்தப் பழைய வரியை எடுத்திட்டா நரம்பு தானா ஆட்டும். டெல்பின் மேடமே ஒப்புதல் கொடுத்திட்டாங்க."

"வேண்டாம்."

"இருக்கது இருக்கட்டுமா?"

"அது இல்ல பிள்ள. அது தானா ஆடுனா எனக்கு அதுல என்ன சோலி?" என்றார். "இது நான் பாத்து ஆட்டுதது."

உள்ளேயிருந்து இசக்கியின் குரல் வந்தது. "அங்க ரெண்டு பேரும் என்ன குசுகுசுங்கீங்க?"

"பேட்டரி நல்லா நிக்குதான்னு கேக்கா" என்றார் துரை.

"நிக்குதுன்னு சொல்லுங்க. எங்க வீட்டுக் கைக்கு மட்டும் பேட்டரி குறையவே இல்லட்டி! மத்தவங்கல்லாம் சாயங்காலமே தீந்திருதுங்காங்க. அது எப்படி?"

"நல்ல கைக்கா" என்றாள் சந்தனமாரி.

சுண்டல் வந்தது. இசக்கி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி, பழக்கமாகிப்போனவள் போல அந்த இடது கையை இழுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதன் சுண்டுவிரல் லேசாக ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்தது. அத்தான் வாய் நிறையச் சுண்டலோடு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் ஆபீசில் பதினேழாம் நம்பர் கையைத் திறந்து, அந்தப் பழைய வரியை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, சந்தனமாரி அப்படியே மூடினாள்.